காரணம் என்ற கட்டம்

இருபத்திரண்டு வருஷ சர்வீசில்
இருட்டு வேண்டுமென்று வந்த முதல் மனு அது.
கல்லூரி லெட்டர்பேடில், ரவுண்டு சீலோடு:
வானாய்வுக் கூடத்தைப் பொதுமக்கள் பார்க்கும் நாள்,
சனிக்கிழமை ஏழரை முதல் எட்டரை வரை
பாறையடி டிரான்ஸ்பார்மரை நிறுத்தி உதவவும்.

ஏ.இ. வாசித்துவிட்டுச் சிரித்தார்.
"ஏழரையும் சனியும் ஒரே தாளில வந்திருக்கு.
ஏசுரெத்தினம், நீரே போயிப் பாத்துக்கிடும்."

மற்ற நாளில் கரண்ட் போனால்
முதலில் என் அம்மையைத்தான் விசாரிப்பார்கள்.
அன்றைக்கு ஊரே வரிசையில் நின்று
நான் கைப்பிடியை இறக்கக் காத்திருந்தது.

இறக்கினேன்.

கொல்லன்விளை வீடுகள்,
ரப்பர் ஷீட் காயும் ஷெட்,
புதுக் கல்யாண மண்டபத்தின் ஆர்ச்சு,
குருசடியில் மினுக்கும் நீல பல்புகள்
எல்லாம் ஒரே மூச்சில் போயின.
தெற்கே முட்டத்து விளக்கு மட்டும்
சுற்றிக்கொண்டே இருந்தது.
அது என் செக்ஷன் இல்லை.

மழை விட்டு இரண்டு நாளான கார்த்திகை.
மேகம் வேளிமலைத் தோளில்
துவைத்துப் போட்ட துண்டுபோல் கிடந்தது.
நான் போஸ்டில் சாய்ந்து மேலே பார்த்தேன்.
கம்பிக்கு அப்பால் இவ்வளவு இருந்ததா?
நான் ஏறி நின்றதெல்லாம் பகலில்.
இல்லையென்றால் மழையில்.

பார்த்தவர்கள் சிவப்புத்தாள் சுற்றிய டார்ச்சோடு
பாறைப் படியில் இறங்கி வந்தார்கள்.
"வளையம் அப்பிடியே கிடக்குவே, பப்படம் மாதிரி."
"இத்துணூண்டுதானா? இதுக்கா ரெண்டு மணிக்கூர் நின்னேன்?"
"உள்ள படம் ஒட்டி வச்சிருக்கானுவ,
நான் கண்ணாடிய ஊதிப் பாத்தேன், அசையவே இல்ல."
ஒரு பெண் மட்டும் ஒன்றும் சொல்லாமல்
சேலைத் தலைப்பால் வலக்கண்ணைப் பொத்திக்கொண்டு போனாள்,
உள்ளே இருப்பது சிந்திவிடும் என்பதுபோல.

தொப்பி போட்ட மாணவி ஒருத்தி ஓடி வந்தாள்,
பெல்சியா என்று நெஞ்சில் அட்டை.
"அண்ணே, உங்களுக்கு ஒரு டோக்கன் எடுத்து வச்சிருக்கேன்.
நூத்தி நாப்பத்தி மூணு. இப்ப நூத்தி ஏழு போவுது.
எட்டேகாலுக்கு மேல வந்திருங்க, என்னா?"
சட்டைப் பையில் வைத்து
மேலே கையால் தட்டிப் பார்த்துக்கொண்டேன்.

எட்டு பத்துக்கு போன்.
"கரண்ட் எப்பம் வரும்?"
எட்டரை ஆகும்மா.
"பிள்ளைக்கு இளைப்பு. மருந்து மிஷின் ஓடணும்."
அவள் போனைப் பிள்ளையின் பக்கம் திருப்பியிருக்க வேண்டும்,
ஓட்டைக் குழாயில் காற்று ஏறுவதுபோல
ஒரு சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது.

பாறைமேல் ஏறி யாரிடமாவது கேட்டிருக்கலாம்.
பேராசிரியர் நல்ல மனுஷன், சரியென்றுதான் சொல்லியிருப்பார்.
ஏற நாலு நிமிஷம், இறங்க மூணு.

ஏற்றிவிட்டேன்.

கரண்ட் வந்தால் எந்த ஊரிலும் ஒரே சத்தம்தான்,
பிள்ளைகள் "ஹோய்" என்பார்கள்.
அன்று பாறையிலிருந்து இறங்கியது
பெரியவர்களும் சேர்ந்து போட்ட "ஐயோ."
மண்டப ஆர்ச்சு முழு முகத்தோடு எரிந்தது.
யாரோ வழக்கம்போல என் அம்மையை விசாரித்தான்.
காரணம் புதுசு,
ஆகையால் கோபம் வரவில்லை.

திரும்ப அதே நம்பருக்கு அடித்தேன்.
எடுத்தவள் பேசவில்லை.
பின்னால் மிஷின் உறுமிக்கொண்டிருந்தது.
வைத்துவிட்டேன்.

ராத்திரி ஆபீசில் பதிவேட்டைத் திறந்தேன்.
நிறுத்திய நேரம் 7.30.
கொடுத்த நேரம் 8.12.
காரணம் என்ற கட்டத்தில்
முந்தின வரிகளில் மரக்கிளை, காற்று, அணில்,
ஒருதடவை மயில்.
நாள் என்ற இடத்தில் சனி என்று
ஏற்கெனவே எழுதியிருந்தேன்.
காரணத்திலும் அதையே எழுதினேன்.

டோக்கனை என்ன செய்வதென்று தெரியவில்லை.
தீராத புகார்கள் தொங்கும் கம்பியில்
குத்திவைத்துவிட்டு வந்தேன்.